முப்பத்திமூன்றாம் பக்கத்திலிருந்து

எந்தக் கதையானாலும் அவளுக்கு முப்பத்திமூன்றாம் பக்கத்தில் தொடங்கும், நாற்பத்தெட்டாம் பக்கத்தில் முடிந்துவிடும். ஓடிப்போனவன் ஏன் ஓடினான், போனவன் திரும்பி வந்தானா, எதுவும் அவளுக்குத் தெரியாது.

அவள் வேலை பார்த்தது ஒரு பைண்டிங் கடையில். அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாள்களாக வந்து இறங்கும். ஒரு தாளில் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். மூன்று மடிப்பு மடித்தால் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். நீள மேஜையைச் சுற்றி ஆறு பெண்கள் நின்று மடிப்பார்கள், ஆளுக்கு ஒரு பாரம். முதல் பாரம் மடிப்பவள் என்றைக்கும் முதல் பாரம்தான், மூன்றாம் பாரக்காரி என்றைக்கும் மூன்றாம் பாரம்தான். அடுத்தவளுடைய தாள் கட்டின்மேல் கை வைக்கக் கூடாது என்பது கடையின் முதல் சட்டம். ஒரு தாள் இடம் மாறினால் ஒரு புத்தகம் பாழ்.

மூன்றாம் பாரம் அவளுடையது. பதினான்கு வருஷமாக முப்பத்திமூன்று முதல் நாற்பத்தெட்டு. அதனால் கடையில் அவளுக்கு 'முப்பத்திமூணு' என்றே பெயர் விழுந்துவிட்டது. முதல் பாரம் மடிப்பவளுக்கு 'முன்னுரை'. அவள் பாரத்தில் முன்னுரை இருப்பது ஒரு காரணம். "தண்ணி வேணும்" என்பதைச் சொல்ல அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகும் என்பது இன்னொன்று.

மற்ற ஐந்து பேரும் தாளைப் பார்த்தார்கள், முப்பத்திமூணு படித்தாள். கை நிற்காமல் படிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு தாளில் ஒரு வரி. மடித்து ஓரத்தில் தள்ளிவிட்டு அடுத்த தாளை இழுக்கும்போது அடுத்த வரி. மடிக்காத தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாகக் கிடக்கும், அடுத்த பக்கம் எங்கோ எதிர் மூலையில் இருக்கும். அவளுக்கு அது பழகிவிட்டது. வீட்டில் கணவன் விரித்துப் பிடித்திருக்கும் செய்தித்தாளை எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே படித்துவிட்டு, "நாளைக்குத் தண்ணி வராதாம்" என்பாள்.

ஏழாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. ஆனால் புத்தகம் எழுதுபவர்கள் ஏழாம் வகுப்பைக் கேட்டா எழுதுகிறார்கள்? தெரியாத வார்த்தை வந்துகொண்டே இருக்கும். அகராதியைப் புரட்டக் கை ஒழியாது. ஒழிந்தாலும் கடையில் அகராதி கிடையாது. அகராதியே ஒருமுறை பைண்டிங்குக்கு வந்தது. அவள் பாரத்தில் 'அட' முதல் 'அதி' வரை இருந்தது. ஆக, அடவி என்றால் காடு, அதரம் என்றால் உதடு, இந்த மாதிரி ஒரு முந்நூறு வார்த்தையில் அவளை யாரும் அசைக்க முடியாது. பெயிண்டராக இருந்த கணவன் அதில் ஒன்றைக் கற்றுக்கொண்டு, சண்டை வரும்போதெல்லாம், "கொஞ்சம் அதரத்தை மூடறியா?" என்பான்.

மீதி வார்த்தைகளுக்கு அவள் அக்கம்பக்கத்தில்தான் விசாரித்தாள். "விதானத்தை வெறித்துப் பார்த்தபடி படுத்திருந்தான்" என்று வந்தது. படுத்துக் கிடப்பவன் வேறெதைப் பார்ப்பான்? கூரையைத்தான். ஒரு பொருளை உத்தேசமாக வைத்துப் பார்ப்பாள். அந்த வார்த்தை அடுத்த இடத்தில் வரும்போது உட்காருகிறதா, மூன்றாவது இடத்தில் உட்காருகிறதா என்று பார்ப்பாள். மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த வார்த்தை அவளுக்குச் சொந்தம்.

தப்பும் நடந்திருக்கிறது. 'நாழிகை' என்பதை ரொம்ப நாள் தூரம் என்றே நினைத்திருந்தாள். "இரண்டு நாழிகை நடந்தான்" என்றுதான் முதலில் பார்த்தாள், மைல் மாதிரி ஏதோ என்று வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து வேறொரு புத்தகத்தில், "அவள் ஒரு நாழிகை உறங்கினாள்" என்று வந்தது. முப்பத்திமூணு மடிப்பை நிறுத்திவிட்டாள்.

"என்னக்கா?" என்றாள் முன்னுரை.

"யாராவது ஒரு மைல் தூரம் தூங்குவாங்களாடி?"

"எங்க வீட்டுக்காரர் தூங்குவாரு. பஸ்ல ஏறினா டிப்போ வரைக்கும்."

அவளுக்கு நாற்பத்தொரு வயது ஆனபோது வலது காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் கணுக்கால் செருப்புக்குள் அடங்காது. நிற்கிற வேலையை விடச் சொன்னார் டாக்டர். கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி, அதில் செக்கிங். ஒட்டி முடித்த புத்தகத்தைப் புரட்டி, பாரம் விட்டுப்போயிருக்கிறதா, தலைகீழாகப் போயிருக்கிறதா என்று பார்த்து அடுக்கவேண்டும். அதில் உட்கார்ந்திருந்த அம்மா மாதக் கடைசியில் மகன் இருக்கும் ஊருக்குப் போவதாக இருந்தார்.

முதலாளி ஒரு திங்கட்கிழமை முப்பத்திமூணைக் கூப்பிட்டார். பெரிய உடம்பு, ரத்தக் கொதிப்பு, எதையும் இரண்டு முறை சொல்கிற வழக்கம்.

"ஒண்ணாந்தேதியிலிருந்து செக்கிங்ல நீ உக்காரு. நீதான் உக்காரணும். இந்த வாரம் சாயப் பட்டறை வேலை ஒண்ணு வருது, அவசரம். அதை ஒரு சிக்கலும் இல்லாம முடிச்சுக் குடுத்துடு. சிக்கல் இல்லாம."

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் கணவனிடம் சொன்ன முதல் வார்த்தை "நாற்காலி" என்பதுதான். அவன் புரியாமல் விழித்தான். அந்தக் காலைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

சாயப் பட்டறை வேலை புதன்கிழமை காலை வந்தது. பட்டறைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற முதலுதவிக் கையேடு, தொண்ணூற்றாறு பக்கம், இரண்டாயிரம் பிரதி. வெள்ளிக்கிழமை காலை பட்டறையில் ஒரு கூட்டம். ஆளுக்கு ஒன்று கையில் கொடுப்பதாக ஏற்பாடு. வியாழன் மாலை ஐந்து மணிக்கு வண்டி வந்துவிடும்.

முதல் நாள் அவள் ஆயிரத்து நானூறு தாள் மடித்தாள். முப்பத்தேழாம் பக்கம் தெளிவாக இருந்தது. அமிலம் குடித்துவிட்டவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, போகும்போது சுட்ட வழி திரும்பி வரும்போதும் சுடும் என்று போட்டிருந்தது. எழுதியவர் யாரோ, பக்கத்தில் நின்று சொல்வதுபோல் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மொழி மாறிவிட்டது. 'வமனம்' என்று ஒரு வார்த்தை வந்தது. "வமனத்துக்குப் பின் வாய் கொப்பளிக்கச் செய்க." மருந்தாக இருக்கும் என்று வைத்தாள். கசப்பு மருந்து, குடித்தால் வாய் கொப்பளிக்கத்தான் வேண்டும். உட்கார்ந்தது. நாற்பத்து மூன்றில், "வமனத்தின்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்." மருந்து ஊட்டும்போது அப்படிப் பிடிப்பார்களோ? கொஞ்சம் ஆடியது, ஆனாலும் உட்கார்ந்தது. சாயங்காலம், கடைசித் தாள் கட்டை மடிக்கையில், "வமனத்தில் இரத்தம் கலந்திருந்தால் தாமதம் கூடாது" என்று வந்தது. மருந்தில் எப்படி ரத்தம் கலக்கும்? உள்ளேயிருந்து வெளியே வருகிறது, வாய் வழியாக வருகிறது, வந்த பிறகு கொப்பளிக்க வேண்டும். வாந்தி. மூன்று இடத்திலும் கச்சிதமாக உட்கார்ந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வியாழன் காலை மீதி அறுநூறு தாள். நாற்பத்தைந்தாம் பக்கத்தை மட்டும் அவள் இன்னும் படிக்கவில்லை. அது இடது கை அழுத்துகிற மூலையில் விழுந்திருந்தது, தவிர அது ஒரு அட்டவணை. பத்து மணி வாக்கில் கை வலிக்கப் பிடியை மாற்றினாள். மூலை கண்ணில் பட்டது. நான்காவது வரிசையில், அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கியவர்: வமனம் கூடாது. ஐந்தாவது வரிசையில், அமிலம் விழுங்கியவர்: வமனம் செய்விக்கவும்.

அடுத்த தாளை இழுத்தாள். அதே வரிசை, அதே வரி. ஒரே அச்சில் அடித்த தாள் வேறெப்படி இருக்கும்? இருந்தாலும் இன்னும் ஒரு தாளை இழுத்துப் பார்த்தாள்.

வமனம் வாந்தி என்றால் இந்தப் பக்கம் ஆளைக் கொல்லும். ஆனால் வமனம் வாந்திதானா? ஒரே புத்தகம். முப்பத்தேழில் 'வாந்தி' என்றே போட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் ஒரே ஆளை இரண்டு பெயர் சொல்லியா கூப்பிடுவார்கள்? வேறு வார்த்தை போட்டால் வேறு பொருளாகத்தான் இருக்கும். அப்படியென்றால் அவள் நேற்று மூன்று இடத்தில் உட்கார வைத்தது நாழிகை மாதிரி ஆகிவிடும். அவள் வாயைத் திறந்து, அது தப்பாகப் போனால், அவசர வேலையில் சிக்கல் செய்தவள் ஆவாள். நாற்காலி போனது போனதுதான்.

கை தானாக மடித்துக்கொண்டிருந்தது. இருபது தாள் போயிற்று.

"அடியே, உன் பாரத்துல இந்தப் புத்தகத்தை எழுதினது யாருன்னு போட்டிருக்கா?" என்றாள்.

முன்னுரை நிமிர்ந்தாள். "பதினாலு வருஷத்துல நீ என் பாரத்தைப் பத்திக் கேட்டதே இல்லையேக்கா. இப்படித்தான் எங்க நாத்தனாரும் ஒரு நாள் திடீர்னு வந்து…"

"நாத்தனார் அப்புறம். பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கு முன்னாடியும் டாக்டர்."

"அடுத்த பக்கம் பாரு. பொருளடக்கம் இருக்கும். யாரு எது எழுதினாங்கன்னு இருக்கா?"

முன்னுரை விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். நாற்பதாம் பக்கம் வரை ஒருவர். நாற்பத்தொன்றிலிருந்து இன்னொருவர்.

அவ்வளவுதான். வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. அதுதான் ஒரு ஆளுக்கு இரண்டு பெயர். பதினான்கு வருஷமாக நடுப்பக்கத்தை வைத்தே எல்லாவற்றையும் ஊகித்தவளுக்கு, முதல் பக்கம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் உதவியது.

அவள் மடிப்பை நிறுத்திவிட்டு முதலாளி மேஜைக்குப் போனாள். முப்பத்தேழையும் நாற்பத்தைந்தையும் காட்டினாள். வமனம் என்றால் வாந்தி என்றாள்.

"யாரு சொன்னா?"

"புத்தகந்தான்."

"எங்க போட்டிருக்கு?"

"போடல முதலாளி. ஆனா தெரியுது."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "நாம பைண்டிங்மா. பைண்டிங். எழுதறது டாக்டர், அடிக்கறது அச்சகம், நாம ஒட்டறோம். தப்பு இருந்தா அவங்க தப்பு."

"அமிலத்தைக் குடிச்சவனுக்கு அது யாரு தப்புன்னு தெரியவா போகுது?"

"வண்டி அஞ்சு மணிக்கு வருது."

"ஒரு போன் பண்ணுங்க முதலாளி. நான் தப்பா இருந்தா திட்டு வாங்கிக்கறேன்."

கைபேசி எல்லார் கைக்கும் வராத வருஷம் அது. மேஜைத் தொலைபேசியில் அச்சகத்தைக் கூப்பிட்டு, அங்கிருந்து எண் வாங்கி, இரண்டாவது டாக்டரைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வயதான பெண் குரல். "அட்டவணையை நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தேன்" என்று அது முதலில் சொன்னது. முதலாளி நான்காவது, ஐந்தாவது வரிசைகளை வாசித்தார். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "இன்னொரு தடவை படிங்க" என்றது. படித்தார். இரண்டு வரிசையிலும் பதில்கள் இடம் மாறியிருக்கின்றன என்று அது சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

"யாரு கண்டுபிடிச்சது? அவங்ககிட்ட போனைக் குடுங்க."

முப்பத்திமூணு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"ஏழாவது, டாக்டரம்மா."

"வமனம்னா என்னன்னு யாரைக் கேட்டீங்க?"

"நாப்பத்திரண்டாம் பக்கத்தைக் கேட்டேன். அப்புறம் நாப்பத்து மூணை. ரத்தம் வர்ற எடத்துலதான் நல்லாப் புரிஞ்சுது."

டாக்டர் சிரித்த மாதிரி இருந்தது. முதலாளியிடம் கொடுக்கச் சொன்னார். திருத்தச் சீட்டு ஒன்று அடித்து நாற்பத்தைந்தாம் பக்கத்தில் ஒட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. டாக்டர் சொல்லச் சொல்ல முதலாளி எழுதிக்கொண்டார். போனை வைத்ததும் அவள் பக்கம் திரும்பி, "தப்பிச்சோம்மா. தப்பிச்சோம். ஜாக்கிரதையாத்தான் பாத்திருக்க" என்றார். நாற்காலி இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தது.

அவள் மேஜைமேல் கிடந்த காகிதத்தை நின்ற இடத்திலிருந்தே தலைகீழாகப் படித்தாள். "பக்கம் 45. வரிசை 4, 5 ஆகியவற்றின் சிகிச்சைக் குறிப்புகளை மாற்றிப் படிக்கவும். அமிலம் விழுங்கியோருக்கு வமனம் தவிர்க்கப்பட வேண்டும்."

"இது புரியாது முதலாளி."

"எது?"

"மாத்திப் படிக்கணும்னு போட்டிருக்கு. திரும்பவும் வமனம்னே இருக்கு."

"உனக்குப் புரிஞ்சுதே!"

"எனக்கு ஒண்ணரை நாள் ஆச்சு. ஆயிரத்து அறுநூறு தாள் ஆச்சு. பக்கத்துல ஒருத்தன் தொண்டை வெந்து துடிச்சிட்டிருந்தா, இதைக் கையில வெச்சிருக்கறவன் எத்தனை தாள் பாப்பான்?"

ஊகிப்பது அவளுக்குப் பிடிக்கும். ஒரு வார்த்தை மூன்றாவது இடத்தில் வந்து உட்காருகிற சுகத்துக்காகவே கால் வலியோடு அந்த மேஜையில் நின்றவள் அவள். ஆனால் இது ஊகிக்கிற இடம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதை முதலாளிக்கு எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம். அச்சகத்து ஆள் சீட்டு வாசகத்துக்காக வாசலில் சைக்கிளோடு காத்திருந்தான்.

"டாக்டர் சொன்னதை நான் எழுதியிருக்கேன். டாக்டருக்கே நாம பாடம் எடுக்க முடியாது. முடியாதும்மா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இதோட விட்டுடு. செக்கிங்ல உக்கார்றவ ஒவ்வொரு எழுத்துக்கும் வேலையை நிறுத்தினா கடை நடக்காது. உனக்கு அந்த நாற்காலி வேணுமா வேணாமா?"

மேஜையைச் சுற்றி மடிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் வலது காலின் பாரத்தை இடது காலுக்கு மாற்றினாள். "வேணும் முதலாளி. ரொம்ப வேணும். நீங்க டாக்டருக்கு இன்னொரு தடவை போன் போடுங்க."

முதலாளி அவளையே பார்த்தார். பிறகு, ஒரு கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிட்டு, எண்ணைச் சுழற்றினார்.

இந்த முறை டாக்டர் அதிகம் பேசவில்லை. "அவங்க எப்படிச் சொல்லணும்னு சொல்றாங்களோ, அப்படியே போடுங்க" என்றார். அவள் சொல்ல முதலாளி எழுதினார். "அமிலம் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ." மாத்திரை வரிசைக்கு டாக்டரே இரண்டு வரி சொன்னார், அவரும் வமனம் என்ற வார்த்தையைத் தொடவில்லை. பழைய அட்டவணையை மறைக்கிற அளவுக்குச் சீட்டு பெரிதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சீட்டுகள் மூன்றரைக்கு வந்தன. ஆறு பேரும் ஒட்டினார்கள். ஒட்டும்போது முன்னுரை, "அக்கா, இதைப் படிச்சதும் எனக்கே புரியுதே" என்றாள். அது பாராட்டா, புகாரா என்று தெரியவில்லை. ஐந்து மணி வண்டி ஏழரைக்குக் கிளம்பியது. அதுவரை வண்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து எல்லாருடைய பரம்பரையையும் திட்டினார்.

அந்தக் கையேட்டை யாராவது நாற்பத்தைந்தாம் பக்கத்தில் திறந்தார்களா, அப்படி ஒரு நாள் அந்தப் பட்டறையில் வந்ததா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

ஒன்றாம் தேதி நாற்காலியில் முன்னுரை உட்கார்ந்தாள். முதலாளிக்குக் கோபம் எதுவும் இல்லை. முப்பத்திமூணைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தையும் சொன்னார். "அவளுக்குப் படிக்கற வியாதி இல்லம்மா. செக்கிங்குக்கு நம்பர் மட்டும் பாக்கற கண்ணுதான் வேணும். தப்பா நினைச்சுக்காத. நினைச்சுக்காத."

முன்னுரை இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து நின்று, "நான் கேக்கலக்கா, அவராத்தான்…" என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்டி. உக்காரு. போய் உக்காரு. எவளாவது ஒருத்தி உக்காரட்டும்."

கணவன் பெயிண்ட் டப்பா வந்த மரப்பெட்டி ஒன்றைச் செதுக்கி, ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான். மேஜைக்கடியில் போட்டு வலது காலை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டால் மதியம் வரை தாங்கியது. மதியத்துக்குப் பிறகு தாங்கவில்லை. "ஏண்டி, அந்த ரெண்டாவது போனை விட்டிருந்தா என்ன?" என்று அவன் ஒரே ஒரு தடவை கேட்டான். அவள் கணுக்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அப்புறம் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு சமையல் புத்தகம் வந்தது. மூன்றாம் பாரத்தின் முதல் வரி, "பிறகு அதை இறக்கி ஆற விடவும்" என்று இருந்தது. எதை என்று பார்க்க அவள் அடுத்த தாளை இழுத்தாள்.